வயற்சொறியும் மாட்டின் தட்டைப்புழுவும்

நெல்வயலில் நாற்றுநடவோ களைபிடுங்கலோ செய்து கரையேறியவர்களின் கால்களில், நீர் பட்ட இடத்தில் மட்டும், ஊசி குத்தியது போன்ற அரிப்பு உண்டாவதுண்டு. சிறிது நேரத்தில் அவ்விடத்திற் சிறு சிவந்த புள்ளிகள் தோன்றும். மறுநாள் அப்புள்ளிகள் தடித்துக் கொப்புளம்போலாகி, இரவில் உறக்கத்தையும் கெடுக்கும். கமக்காரர் இதனைச் சேற்றுச்சொறி என்றும், உரச்சொறி என்றும், நீர் ஒத்துக்கொள்ளாமை என்றும் பலவாறு கூறுவர். இரசாயன உரமும் களைகொல்லியும் தோலை எரிக்கும் என்பது உண்மையே. ஆயினும் உரமிடாத வயலிலும், மருந்து தெளிக்காத வாய்க்காலிலும் இச்சொறி உண்டாவதை அவதானித்தவர்கள் வேறொரு காரணத்தைத் தேடவேண்டியவராவர். அக்காரணம் பெரும்பாலும் வயலுக்கு அருகே கட்டப்பட்டிருக்கும் மாட்டின் உடம்பில் உள்ளது.

தட்டைப்புழுக்கள்

புழுக்களுள் உடல் உருண்டவையும் உண்டு, தட்டையானவையும் உண்டு. தட்டைப்புழுக்களுக்கு மூச்சுவிடும் உறுப்போ குருதிக்குழாயோ கிடையாது. வேண்டிய உயிர்வளியை அவை தம் மெல்லிய தோலினாலேயே பெற்றுக்கொள்கின்றன. ஆதலால் ஈரமின்றி அவற்றுக்கு வாழ்வில்லை. இவற்றுட் சில தாமாகவே வாழ்வன. மழைக்காலத்தில் மரக்கறிப் பாத்திகளிற் பலகைக்கும் கல்லுக்கும் அடியில், தலை சம்மட்டிபோல் விரிந்த நீண்ட புழுவைக் கண்டிருக்கலாம். அது மண்புழுவை உண்ணும் தட்டைப்புழு. அதனை மண்வெட்டியால் வெட்டிவிட்டாற் போதுமென எண்ணுதல் கூடாது; வெட்டுண்ட துண்டு தனிப்புழுவாக வளரவல்லது. உப்பிட்டு அழித்தலே தக்கது.

கடலிலும் இவ்வினம் மிகுதி. கண்ணாடித் தொட்டியிற் கடல்நீர் நிரப்பிப் பவளம் வளர்ப்போர், பவளத்தையே தின்னும் ஒருவகைத் தட்டைப்புழுவினாற் பெரிதும் இடர்ப்படுகின்றனர். பவளத்தை மருந்துநீரிலே தோய்த்தாற் புழு உதிர்ந்துவிடும். முட்டைகளோ பவளத்தின் அடித்தண்டில் ஒட்டிக்கொண்டு நிற்கும். சில வாரங்களில் மீண்டும் புழு. முட்டை ஒட்டிய பகுதியை நீக்கி, புதிதாக வாங்கிய பவளத்தைத் தனித்தொட்டியில் வைத்துப் பார்த்த பின்னரே மற்றவற்றுடன் சேர்ப்பவரே இத்தொல்லையினின்று தப்புகின்றனர். வயலிலும் நிலைமை இதுவே. மாட்டுக்கு மருந்து கொடுத்துவிட்டுச் சாணத்தையும் நத்தையையும் மறந்துவிடுபவர் அடுத்த போகத்திலும் அதே சொறியைக் காண்பர்.

மாட்டிலிருந்து நீருக்கு, நீரிலிருந்து நத்தைக்கு

கமக்காரருக்குத் தீங்கு செய்யுந் தட்டைப்புழுக்கள் பிற உயிர்களின் உடலுள்ளே ஒட்டி வாழ்வன. அவற்றுள் முதன்மையானது குருதித் தட்டைப்புழு. அறிவியலார் இதனைச் சிஸ்டோசோமா என்பர். இலங்கையின் மாடுகளிலும் எருமைகளிலும் இதன் இரண்டு இனங்கள் அறியப்பட்டுள்ளன. ஒன்று குடலைச் சூழ்ந்த நாளங்களில் வாழ்வது. மற்றொன்று மூக்கின் நாளங்களில் வாழ்வது. பெயர் தட்டைப்புழுவாயினும் இது பார்வைக்கு ஒரு சிறு நூற்றுண்டு போன்றதே. ஆண்புழுவின் உடல் நெடுக ஒரு மடிப்பு உண்டு. அம்மடிப்பினுட் பெண்புழு தங்கி முட்டையிடும்.

குடல்நாளத்துப் புழுவின் முட்டைகள் குடற்சுவரைத் துளைத்துச் சாணத்துடன் வெளிவருகின்றன. மூக்குநாளத்துப் புழுவின் முட்டைகள் மூக்குச்சளியோடு வருகின்றன. சாணமும் சளியும் உலர்ந்த நிலத்தில் விழுந்து வெயிலிற் காய்ந்தால் முட்டைகள் அங்கேயே மடியும். அவை நீரில் விழுந்தாலோ, முட்டையுள் ஏற்கெனவே வளர்ந்து காத்திருக்கும் குடம்பி விரைவில் ஓட்டை உடைத்துக்கொண்டு வெளிவரும். கண்ணுக்குப் புலனாகாத இக்குடம்பியின் உடல் முழுவதும் பிசிர் பூண்டது. பிசிரை அசைத்து நீரில் விரைந்து நீந்தித் தனக்குரிய நத்தையைத் தேடும். ஏறக்குறைய ஒரு நாளுக்குள் நத்தை கிடையாவிடின் அது இறந்துபோம். மாட்டின் மேலோ மனிதன் மேலோ அது நேரே பாயமாட்டாது. நத்தையில்லாத நீரில் இப்புழுவின் வரலாறு இவ்விடத்திலேயே முடிந்துவிடும் என்பது நன்கு கவனிக்கற்பாலது.

நத்தையுட் புகுந்த ஒரு குடம்பி ஒன்றாகவே நில்லாது பலவாகப் பெருகும். ஒரு மாதமோ அதற்குச் சற்று மேலோ கழிந்தபின், அந்நத்தையிலிருந்து வால் இரண்டாகக் கவைத்த குடம்பிகள் நாள்தோறும் நூற்றுக்கணக்கில் வெளிவரத் தொடங்கும். அவை நீரின் மேற்பரப்பை அடைந்து, மாட்டின் காலோ வயிறோ படுமிடத்து வாலை உதறிவிட்டுத் தோலைத் துளைத்து உட்புகும். பின் குருதியோடு சென்று, தமக்குரிய நாளத்தை அடைந்து முதிரும்.

நத்தையை அறிதல்

வயலிற் காணும் நத்தை எல்லாம் பகையன்று. உருண்டு பெருத்து, வாயை ஒரு கெட்டியான மூடியால் அடைத்துக்கொள்ளும் பெரிய வயல்நத்தை இக்குற்றத்துக்கு ஆளாவதில்லை. குருதித் தட்டைப்புழுவைத் தாங்குவது, ஆட்டுக்கடாவின் கொம்புபோல் ஒரே தளத்திற் சுருண்ட, கபிலநிறமான, பெரும்பாலும் ஓர் அங்குலத்துக்கு உட்பட்ட தட்டைச்சுருள் நத்தையே. அதற்கு மூடி கிடையாது. நசுக்கினாற் சிவந்த நீர் கசியும்; அதன் குருதி நம் குருதியைப்போலச் செந்நிறமானது. நீர்ப்பூண்டுகளின் அடியிலும் மிதக்கும் ஓலையிலும் கூழ்போன்ற பொதியாக முட்டையிடும். ஒரே நத்தை துணையின்றியே முட்டையிட்டு ஒரு குட்டையை நிரப்பவல்லது. குளத்தங்கரை, கழிவு வாய்க்கால், நீர் தேங்கிய மாட்டுக் குளம்படிப் பள்ளம், எருமை புரளும் மடு ஆகியன அதற்கு உவப்பான இடங்கள்.

இன்னொரு நத்தை, மெல்லிய ஓடும் கூரிய நுனியும் காதுபோல் விரிந்த வாயும் உடையது. இதற்கும் மூடியில்லை. ஈரல் தட்டைப்புழுவுக்கு இடமளிப்பது இந்நத்தையினமே. தாராக்களின் உடலில் வாழும் குருதிப்புழுக்களையும் இவ்வினத்து நத்தைகள் தாங்குவதுண்டு.

மனிதன் காலில் நிகழ்வது

கவைவாற் குடம்பிக்கு மாட்டின் தோல் இது, மனிதனின் தோல் இது என்ற பிரிவு தெரியாது. வயலில் நிற்பவனுடைய காலிலும் அது துளைத்துப் புகுகின்றது. ஆயினும் மனிதனின் உடல் அதற்கு உரிய இடமன்று. மாட்டுக்குரிய இப்புழு மனிதனுள் முதிராது தோலிலேயே மடிகின்றது. மடியும் குடம்பியை உடல் எதிர்ப்பதனாலேயே தடிப்பும் அரிப்பும் உண்டாகின்றன. 1928 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் கோர்ட் என்னும் ஆய்வாளர், ஏரிநீரில் இறங்கியவர்களுக்கு உண்டாகும் சொறிக்கு நத்தையிலிருந்து வரும் இத்தகைய குடம்பிகளே காரணம் எனக் கண்டறிந்தார். அங்கே அது நீராடுவோரின் நோய். தென்னாசியாவிலும் தென்கிழக்காசியாவிலும் அது நெல் விளைவிப்போரின் நோய்.

முதன்முறை குடம்பி புகுந்தவனுக்கு அரிப்புச் சிறிதாகவே இருக்கும். மீண்டும் மீண்டும் அந்நீரில் இறங்குபவனுக்கு உடல் கூர்மையாக எதிர்ப்பதனால் தடிப்பு மிகும். புதிதாக வந்த கூலியாளுக்கு ஒன்றும் இல்லாதிருக்க, பல ஆண்டு அவ்வயலிலே உழைத்தவர் இரவெல்லாம் சொறிந்துகொண்டிருப்பதன் காரணம் இதுவே. அவருடைய இரத்தம் கெட்டுவிட்டது எனக் கூறி வேறு மருந்து தேடவேண்டியதில்லை. புதிதாய்க் குடம்பி புகாவிட்டாற் பொதுவாக ஒரு வாரம் அல்லது அதற்குச் சற்று மேற்பட்ட காலத்தில் தடிப்புத் தானே தணியும். நகத்தாற் சொறிந்து புண்ணாக்குவதே பெருங்கேடு. சேற்றிலுள்ள கிருமிகள் அப்புண்வழியே புகுந்து சீழ்பிடிக்கச் செய்யும். குளிர்ந்த நீர்த்துணி இடுதலும், வைத்தியர் தரும் அரிப்படக்கும் பூச்சைத் தடவுதலும் போதுமானவை.

ஒன்றை இங்கே வற்புறுத்திக் கூறுதல் அவசியம். இச்சொறி காய்ச்சலை உண்டாக்கும் நோயன்று. வயலில் வேலை செய்தவருக்குக் காய்ச்சல், தலைவலி, தசைநோ, கண் சிவத்தல், சிறுநீர் குறைதல் ஆகியன தோன்றின், அது எலிக்காய்ச்சலாக இருத்தல் கூடும். 2008 ஆம் ஆண்டில் இந்நாட்டிற் பெருகிய அந்நோய் கமக்காரர் பலரைத் தாக்கியது. அதற்குக் காரணம் புழுவன்று. எலி முதலிய விலங்குகளின் சிறுநீராற் பரவும் கிருமி. காலிற் சொறி இருக்கிறதே என்று காய்ச்சலையும் அதனோடு சேர்த்துப் பொறுத்திருப்பது உயிருக்கே ஆபத்தாக முடியும். தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும்.

மாட்டுக்கு உண்டாகும் நட்டம்

மனிதனுக்குச் சில நாட் சொறியோடு முடிவது மாட்டுக்கு நீடித்த நோயாகும். மூக்குநாளத்துப் புழு புகுந்த மாட்டின் மூக்கினுள்ளே பூக்கோவாவைப் போன்ற சிறு வளர்ச்சிகள் தோன்றி மூச்சுவழியை அடைக்கும். சளியும் சில வேளை இரத்தமும் வடியும். மாடு உறங்காதிருக்கும்போதும் குறட்டை விடுவதுபோல் ஒலியெழுப்பும். இதனாலேயே இது குறட்டை நோய் எனப்படும். இப்புழுவை 1933 ஆம் ஆண்டிற் சென்னை மாகாணத்து மாடுகளில் ஆராய்ந்து விவரித்தவர் ராவ் என்பவர். பசுவினமும் எருதுகளும் இந்நோயாற் கடுமையாக வருந்தும். எருமைகளோ புழுவைத் தாங்கியும் பெரும்பாலும் நோய்க்குறி காட்டுவதில்லை. நோய் தெரியாத எருமையே நீரைக் கெடுத்து அயலிலுள்ள பசுவை நோயாளியாக்கும். ஆகையாற் குறட்டை விடும் மாட்டை மட்டும் கவனித்தல் போதாது.

குடல்நாளத்துப் புழு இவ்வாறு வெளிப்படையாகத் தோன்றாது. புழு மிகுந்தவிடத்துச் சாணத்திற் சளியும் இரத்தமும் காணும். சிறிதாயின் மாடு மெலிதலும் பால் குறைதலும் தவிர வேறு குறி இராது. தீனி போதாமையே காரணம் எனப் பலரும் எண்ணிவிடுவர்.

இதே நீரிலிருந்து வரும் வேறிரு தட்டைப்புழுக்களையும் சொல்லவேண்டும். ஒன்று இரைப்பைப் புழு. அது இளஞ்சிவப்பான சிறு கூம்புபோன்றது. மாட்டை அறுப்பவர்கள் முதலிரைப்பையின் உட்சுவரிற் கூட்டங்கூட்டமாக ஒட்டியிருப்பதைக் கண்டிருப்பர். முதிர்ந்த புழு அதிகங் கெடுதி செய்வதில்லை. இளம்புழுக்கள் பெருந்தொகையாகச் சிறுகுடலிற் சேரும்போது கன்றுகளுக்குத் துர்நாற்றமுள்ள கடுங்கழிச்சல் உண்டாகும். மற்றொன்று ஈரல் தட்டைப்புழு. இலைபோல் 1 முதல் 3 அங்குலம்வரை நீண்டு பித்தக்குழாயில் வாழ்வது. அது புகுந்த மாடு சோகையுற்று மெலியும். தாடையின் கீழே நீர் கோத்து வீங்கும்.

இவ்விரண்டின் குடம்பிகளும் தோலைத் துளைப்பதில்லை. நத்தையை விட்டு வெளிவந்து, நீரில் நிற்கும் புல்லிலும் நெற்றண்டிலும் ஒட்டி, தம்மைச் சுற்றிக் கெட்டியான உறையை அமைத்துக்கொண்டு சிறைப்பையாகக் காத்திருக்கும். அப்புல்லை உண்ணும் மாட்டின் குடலிற் சிறைப்பை கரைந்து இளம்புழு வெளிவரும். எனவே சொறி உண்டாக்கும் புழு நீர்வழி வருவது. இவை தீன்வழி வருவன.

வைக்கோலும் கீரையும்

சிறைப்பைகள் நெற்பயிரின் நீரில் அமிழ்ந்திருந்த அடிப்பாகத்திலேயே மிகுதியாக ஒட்டியிருக்கும். ஆகையால் அறுவடை முடிந்தவுடன் பச்சைத் தாளை மாட்டுக்கு இடுவோர் மேற்பகுதியை மட்டும் அரிந்து இடுதல் நன்று. அடித்தாளைத் தீனியாக்க வேண்டுமாயின் பல நாட்கள் நல்ல வெயிலிற் பரப்பி முற்றாக உலர்த்திய பின்னரே இடவேண்டும். ஈரவைக்கோலைப் போரிட்டு மூடிவைத்தால் உலர்த்தியதாகாது.

மரக்கறிச் செய்கையாளரும் இதிற் கவனஞ் செலுத்துதல் வேண்டும். ஈரல் தட்டைப்புழு, குருதித் தட்டைப்புழுவைப் போலன்றி, மனிதனுள்ளும் வளரவல்லது. கங்குனும் வல்லாரையும் ஈரநிலத்தில் வளரும் கீரைகள். மாடுகள் இறங்கும் வாய்க்காலிலிருந்து அவற்றைப் பறித்தல் ஆகாது. சிறைப்பை தண்டில் இறுக ஒட்டியிருப்பதால் வெறும் நீரில் அலசுவதால் மட்டும் நீங்கும் எனக் கொள்ளலாகாது, சமைத்தால் அழியும். கங்குனைச் சமைத்தே உண்பதாற் கவலை குறைவு. வல்லாரையைப் பச்சையாகச் சம்பல் செய்து உண்ணும் வழக்கமுண்டாகையால், அதனை மாடு புகாத பாத்தியிற் கிணற்றுநீர் பாய்ச்சி வளர்த்தல் வேண்டும். சந்தைக்குக் கீரை அனுப்புவோர் இதனைத் தம் பொறுப்பாகக் கொள்ளுதல் தகும்.

தடுக்கும் முறைகள்

முதலாவதாகச் சாணம். புதுச்சாணத்தை வயலிலோ வாய்க்காலிலோ கொட்டுதலும், கொட்டில் கழுவிய நீரை நேரே வயலுக்கு விடுதலும் முட்டையை நத்தையிடம் கொண்டுபோய்க் கொடுப்பதற்கு ஒப்பாகும். சாணத்தை உயர்ந்த இடத்திற் குவித்து, வைக்கோலும் பச்சிலையும் கலந்து, மழைநீர் புகாதபடி கிடுகால் மூடிக் கூட்டெருவாக்கவேண்டும். குவியலின் உள்ளே உண்டாகும் வெப்பம் முட்டைகளை அழிக்கும். ஓரத்திலுள்ள சாணம் வெப்பம் அடையாதாகையால், இரண்டு மூன்று வாரத்துக்கொருமுறை வெளிப்புறம் உள்ளே போகுமாறு புரட்டிக் கொடுக்கவேண்டும். இவ்வாறு மூன்று மாதமளவில் மக்கிய எரு, நோயற்றது மட்டுமன்றிப் பயிருக்கும் மிக உகந்தது.

இரண்டாவது மாட்டின் குடிநீர். மாடு குளத்தில் இறங்கிக் குடிக்கும்போது மூக்கு நீரிற் படுகின்றது. சாணமும் அங்கேயே விழுகின்றது. கால்வழி குடம்பியும் ஏறுகின்றது. மூன்று தீமைகளும் ஓரிடத்தில் நிகழ்வதால், தொட்டி கட்டிக் கிணற்றுநீர் ஊற்றிக் குடிக்கக் கொடுத்தல் செலவுக்கு ஏற்ற பயன் தரும். எருமையை மடுவினின்று முற்றாகத் தடுத்தல் இயலாது. அதன் உடல் வெப்பத்தைத் தாங்கமாட்டாது. எனினும் அது புரளும் மடுவின் நீர், வயலுக்கு நீர் பாயும் வாய்க்காலோடு கலவாதபடி அணைகட்டிப் பிரித்துவைக்கலாம். இப்பொழுது உழவு பெரும்பாலும் இயந்திரத்தால் நடைபெறுவதால் மாட்டுப்புழு வயலுக்கு வர வழியில்லை எனச் சிலர் கருதுவர். அறுவடைக்குப் பின் தாளில் மேயவிடப்படும் பட்டிமாடுகளே வயலில் முட்டைகளை விட்டுச்செல்கின்றன. நிலம் நன்கு வறண்டிருக்கும் காலத்தில் மேயவிட்டால் தீங்கு குறையும், நீர் தேங்கிய தாழ்வயலில் மேயவிட்டால் மிகும்.

மூன்றாவது நத்தை. செப்புச்சல்பேற்று முதலிய நஞ்சுகள் நத்தையைக் கொல்லும். மீனையும் கொல்லும், மண்ணிலும் தங்கும். ஆகையால் வயலிலும் வாய்க்காலிலும் அவற்றை இடுதல் கூடாது. வாய்க்காலின் நீர்ப்பூண்டுகளைப் போகந்தோறும் அகற்றி, கரையைச் செம்மையாக வெட்டி, நீர் தேங்காது ஓடச்செய்தலே முதன்மையானது. காய்ந்த சேற்றுக்குள் இந்நத்தை சிலகாலம் உயிருடன் இருக்கவல்லதாகையால் வயலை வறளவிட்டாற் போதுமென்று இருந்துவிடலாகாது. நீர் அசையாத மூலைகளில் தென்னோலை அல்லது பனையோலைத் துண்டுகளை மிதக்கவிட்டால் நத்தைகள் அவற்றின் அடியில் வந்து ஒட்டும். வாரத்துக்கொருமுறை ஓலையைத் தூக்கி நத்தையையும் முட்டைப்பொதியையும் வழித்து, வெயிலிற் காயவிட்டு அழிக்கலாம். நத்தையை வெறுங்கையால் நசுக்குதலோ, அது நின்ற நீரில் வெறுங்காலுடன் நின்று பொறுக்குதலோ தகாது. நாற்றுமேடைக்கு அருகில் இவ்வேலையை நடவுக்கு ஒரு மாதம் முன்னரே தொடங்கினாற் பயன் தெரியும்.

தாரா வளர்த்தலைப் பற்றிக் கருத்து இருவகைப்படும். தாராக்கள் நத்தையை விரும்பி உண்ணும். இந்தோனேசியாவில் நடந்த ஆய்வுகளில், தாராவின் உடலிலுள்ள வேறொரு தட்டைப்புழுவின் குடம்பிகள் நத்தையினுட் புகுந்து ஈரல் தட்டைப்புழுவின் குடம்பிகளை ஒழித்துவிடுவதும் காணப்பட்டது. மறுபுறத்தில், தாராவின் குருதிப்புழுவும் வயற்சொறியை உண்டாக்கவல்லது. ஆகவே ஈரல் நோயால் மாடுகள் வருந்தும் ஊரில் தாராவை வயலில் விடுதல் இலாபம். சொறியே பெருந்தொல்லையாக உள்ள ஊரில், ஆட்கள் வயலில் இறங்கும் வாரங்களில் தாராவை வேறிடத்தில் அடைத்து வைத்தல் நன்று.

மாட்டுக்கு மருந்து கொடுப்பதை அரசாங்கக் கால்நடை வைத்தியரின் சொற்படியே செய்யவேண்டும். உருண்டைப்புழுக்களுக்காக வழக்கமாக வாங்கிக் கொடுக்கும் பூச்சிமருந்து குருதித் தட்டைப்புழுவைக் கொல்லாது. குருதிப்புழுவுக்குப் பிரசிகுவாண்டல், ஈரல் தட்டைப்புழுவுக்குத் திரைகிளபெண்டசோல் என ஒவ்வொன்றுக்கும் ஏற்ற மருந்து வேறு. எப்புழு என்பதை அறிய, காலையில் இட்ட புதுச்சாணத்தில் ஒரு சிறு போத்தலளவும், குறட்டை விடும் மாடாயின் மூக்குச்சளியும் எடுத்துக்கொண்டு அன்றைக்கே அலுவலகத்திற் கொடுத்துச் சோதிப்பித்தல் நன்று. மருந்து கொடுத்த மாட்டின் பாலை எத்தனை நாட்களுக்கு விற்கலாகாது என்பதையும் கேட்டு அறிந்துகொள்ளவேண்டும். ஊரில் ஒருவர் மட்டும் மருந்து கொடுத்து, அயலவரின் மாடுகள் அதே குளத்தில் இறங்குமாயின் பணம் வீணாகும். கமக்காரர் அமைப்பினர் சேர்ந்து ஒரே வாரத்திற் பட்டி முழுவதற்கும் கொடுத்தலே பொருத்தம்.

வயலில் இறங்குபவர் இறப்பர் சப்பாத்து அணிதல் சிறந்த காவல். ஆழ்ந்த சேற்றில் அது காலை இழுத்து நடக்கவிடாது என்பதும் உண்மையே. அணிய இயலாதவர் நீரைவிட்டுக் கரையேறியவுடன், கால் தானே உலரும்வரை காத்திராமல், முரட்டுத் துணியினால் அழுத்தித் துடைத்துக்கொள்ளுதல் வேண்டும். தோலின் மேலுள்ள நீர் வற்றும் வேளையிலேயே குடம்பிகள் பல உட்புகுவதால், இச்சிறு செயல் அவற்றுட் பலவற்றை அகற்றிவிடும். பின்னர்க் கிணற்றுநீரிற் சவர்க்காரமிட்டுக் கழுவலாம். எண்ணெய் பூசுதலை மட்டும் நம்பியிருத்தல் கூடாது. நண்பகல் உணவுக்குக் கரையேறும்போதும் துடைத்தல் வேண்டும்; மாலையில் ஒருமுறை மட்டும் துடைத்தாற் காலையில் ஏறிய குடம்பிகள் அதற்குள் தோலினுட் சென்றிருக்கும்.